மலை மண்ணும் கடற்கரை மணலும்



மலையகத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஐந்திணை கற்பிப்பது சற்று விநோதமான அனுபவம். குறிஞ்சியை விளக்க ஆசிரியர் பாடுபட வேண்டியதில்லை. சன்னலைத் திறந்தால் மலையும் மலை சார்ந்த இடமும் தாமாகவே வகுப்புக்குள் வந்துவிடும். நெய்தல் என்று வரும்போதுதான் சிரமம். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் கடலைக் கண்ணால் கண்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்குக் கானலும் கழியும் புன்னையும் தாழையும் வெறும் சொற்களே.

அவ்வாறு ஒரு நாள் நெய்தலின் கருப்பொருள்களைச் சொல்லி வருகையில், கடலரிப்பினால் நமது கரையோரக் கிராமங்கள் சுருங்கி வருவதையும் குறிப்பிட்டேன். பின் வாங்கிலிருந்த மாணவியொருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், மழை பேஞ்சா எங்க தோட்டத்து ஆறு செக்கச் செவேல்னு ஓடுது. அந்த மண்ணெல்லாம் கடலுக்குத்தானே போகுது? அப்ப கரை வளரணுமே, ஏன் தேயுது?"

அன்று நான் அவளுக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. கேள்வியோ என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனபோது, மலையகத்து மக்களின் வரலாறும் கரையோரத்து மக்களின் வரலாறும் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டுக் கொண்டிருப்பதைக் கண்டேன். அந்த முடிச்சைப் பற்றியதே இன்றைய உரை.

கடல் நிலத்தை விழுங்குவது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. இறையனார் அகப்பொருளுக்கு எழுந்த உரை, சங்கமிருந்த நகரங்களைக் கடல் கொண்ட கதையைச் சொல்கிறது. மணிமேகலைக் காப்பியம், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதைக் கூறுகிறது. "கடல்கோள்" என்ற சொல்லே நமது மொழியில் நிலைத்துவிட்டது. நமது தலைமுறையினர் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையாக அதைக் கண்டனர். நமது பெற்றோர் தலைமுறை, 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்த செய்தியைக் கேட்டது.

தனுஷ்கோடி மலையகத்தவருக்கு அந்நிய ஊர் அல்ல. 1914 முதல் இராமேஸ்வரம் தீவின் அந்த முனையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. அதற்கு முந்தியவர்கள் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். பின் வந்தவர்கள் இக்கப்பலில் வந்தவர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, நமது மக்களில் பல இலட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. இரண்டு மாதம் நிறையுமுன்னரே, அவர்கள் வந்த துறைமுகத்தைக் கடல் கொண்டுபோயிற்று. திரும்பிச் சென்றவர்கள் இராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். வந்த வாசல் வழியே திரும்பிப் போகவும் அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் கடல்கோள் வேறு, கடலரிப்பு வேறு. முன்னது ஓர் இரவில் வருவது. காப்பியத்தில் இடம் பெறுவது. பின்னது ஆண்டுக்கு ஓரடி, இரண்டடி என்று ஓசையின்றி வருவது. முதலில் வலை காயப்போடும் மணல் போகும். அடுத்த வருடம் தென்னையின் வேர் தெரியும். அதற்கடுத்த வாடைக்கோ சோளகத்துக்கோ தென்னை சாயும். பிறகு வாடி, பிறகு வீடு. இதற்குக் காப்பியம் பாடுவார் இல்லை. மலையில் நிகழும் மண்ணரிப்பும் இதே இயல்பினதுதான். மண்சரிவு செய்தியாகும், மண்ணரிப்பு செய்தியாவதில்லை.

கடற்கரை மணல் எங்கிருந்து வருகிறது? சிப்பியும் சங்கும் பவளப் பாறையும் நொறுங்கி ஆவது ஒரு பகுதி. பெரும்பகுதி மலைப் பாறைகள் சிதைந்து, ஆற்றில் உருண்டு, அரைபட்டு வந்து சேருவது. ஆறு கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டும் மணலைக் கடல் நீரோட்டம் கரையோரமாக இழுத்துச் சென்று பகிர்ந்தளிக்கிறது. நமது மேற்குக் கரையில், களனி முகத்துவாரத்துக்கு அப்பால், இந்த மணலோட்டம் பெரும்பாலும் வடக்கு நோக்கியது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் கொண்டுவரும் மணலே நீர்கொழும்பு, சிலாபம், உடப்பு, கற்பிட்டி எனும் கரைகளைக் காலங்காலமாகப் போஷித்து வந்தது.

களனியின் தாய்வீடு எது? ஹட்டனைச் சூழ்ந்த மலைகள் ஒரு நீர்ப்பிரிமேடு. டிக்கோயாப் பக்கம் விழும் மழை காசல்ரீயை அடைந்து கெகல்கமு ஓயா வழியே செல்கிறது. சிவனொளிபாத மலைப் பக்கத்து நீர் மஸ்கெலி ஓயாவில் சேர்கிறது. இரண்டும் கூடியே களனி ஆகி, 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பு முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. கொட்டகலைப் பக்கம் விழும் மழையோ கொத்மலை ஓயா வழியாக மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவை அடைகிறது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் விழும் இரு மழைத்துளிகள் இலங்கையின் இரு கரைகளுக்கும் பிரிந்து போகின்றன. ஆகவே, கடலைக் காணாத எனது மாணவர்கள் கடற்கரையின் தலைவாசலிலேதான் இருக்கிறார்கள்.

இனி, இந்தத் தலைவாசலில் நடந்ததைப் பார்ப்போம்.

1823 அளவில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார் என்பது நாமறிந்தது. அதை ஆரம்பமாகக் கொண்டே 2023இல் "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நினைவு நடைபயணம் நடந்தது. 1840இல் கொண்டுவரப்பட்ட முடிக்குரிய நிலங்கள் சட்டம், உரித்துக் காட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கருத வழிசெய்தது. கண்டிக் கிராமத்தவரின் சேனையும் காடும் அவ்வாறே கைமாறின. மலிவு விலைக்கு வாங்கிய காட்டைத் துரைமார் அடியோடு வெட்டி எரித்தார்கள். வெட்டியவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1870களின் இறுதியில் கோப்பி இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியது. ஆனால் 1869இல் தோன்றிய இலைநோய் அதைத் தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1875இல் சுமார் ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கரையும் கடந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் மலை முழுவதும் தன் உடையை இருமுறை மாற்றிக்கொண்டது.

இதன் ஆபத்தை அன்றே உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில், 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் வெட்டுவதும் நிறுத்தப்பட்டன. ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த உச்சிக் காடுகளும் இன்று எஞ்சி நிற்பதற்கும், நமது ஆறுகள் கோடையிலும் வற்றாதிருப்பதற்கும் அந்த முடிவு ஒரு காரணம். ஆனால் ஐயாயிரம் அடிக்குக் கீழே?

கீழே நடந்தது "சுத்தமாகப் புல் வெட்டுதல்" என்ற வழக்கம். கோப்பிக் காலத்திலேயே வேரூன்றி, தேயிலைக்கும் வந்த பழக்கம் இது. தேயிலைச் செடிகளின் நடுவே ஒரு புல் இதழும் தெரியக்கூடாது என்பது துரைமாரின் கௌரவப் பிரச்சினை. கங்காணிமார் கொந்தரப்பு எடுத்து, ஆட்களை இறக்கி, சுரண்டியினால் மலையை மாதந்தோறும் சுரண்டினார்கள். புல்லோடு மேல்மண்ணும் தளர்ந்தது. தேயிலை நிரைகளும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்கோட்டில் நடப்பட்டிருந்தன. ஐப்பசி மழை அந்த நிரைகளின் வழியே இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் காடு சேர்த்துவைத்த கறுத்த மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் உயர்நிலத் தேயிலை மலைகள் சராசரி ஓரடி மேல்மண்ணை இழந்துவிட்டன என்று 1980களில் மதிப்பிடப்பட்டது. தேயிலைச் செடியின் உணவு வேர்கள் பரவும் மண் அதுவே.

அரசாங்கமும் காலந்தாழ்த்தி விழித்தது. மண்ணரிப்பை ஆராய அமைத்த குழுவின் அறிக்கை 1931இல் அரசசபைப் பத்திரமாக வெளிவந்தது. 1947 ஓகஸ்டில் கம்பளை, கண்டிப் பகுதிகளைப் பெருவெள்ளமும் மண்சரிவுகளும் தாக்கின. அதன்பின் 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இந்த இடைக்காலத்தில் வேறொரு சட்டமும் நிறைவேறியதை நாம் மறக்க முடியாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், அந்த மண்ணில் உழைத்தவர்களை நாடற்றவர்களாக்கியது. மூன்றாண்டு இடைவெளியில் பாராளுமன்றம் மண்ணைக் காக்க ஒரு சட்டமும், மண்ணில் நின்றவர்களை விலக்க ஒரு சட்டமும் செய்தது. இரண்டும் ஒரே மலையைப் பற்றியவை என்பதை எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மண்ணைக் காத்தவர்கள் யார் என்று கேட்டால், அதற்கும் விடை அந்தத் தொழிலாளரே. கான்வெட்டுக்காரர் மலையின் குறுக்கே மெல்லிய சரிவில் கான் இழுத்தார்கள். நீர் ஓடாமல் நின்று மண்ணைப் படியவிட்டுச் செல்ல, கானுக்குள்ளே இடையிடையே குழி விட்டார்கள். மண்ணிலிருந்து பெயர்த்த கற்களைச் சாந்தின்றி அடுக்கி அணைச்சுவர் எழுப்பினார்கள். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்க முள்ளுக் குத்தினார்கள். கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிலத்தில் பரப்பி மூடாக்கிட்டார்கள். நிழலுக்கும் தழைக்கும் முள்முருக்கும் சவுக்கும் வைத்தார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப்புல்லையும் கௌதமாலாப் புல்லையும் நட்டு, மண்ணுக்கு இளைப்பாற அவகாசம் கொடுத்தார்கள். 1925இல் தொடங்கப்பட்டுப் பின் தலவாக்கலைக்கு வந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவற்றின் பயனை அளந்து நெறிப்படுத்தியது. சமவுயரக் கோட்டில் நட்டு, நிலம் தெரியாமல் இலை மூடி நிற்கும் தேயிலை, காட்டுக்கு அடுத்தபடியாக மண்ணைப் பிடித்து வைக்கும் என்பது அளந்து கண்ட உண்மை.

பழைய மலைகளில் இன்றும் அந்தக் கல்லடுக்குகளைக் காணலாம். பாசி படர்ந்து, தேயிலைக்குள் மறைந்து கிடக்கின்றன. அடுக்கியவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பேருக்கு அன்று ஒரு நாட்கூலி விழுந்திருக்கும், அவ்வளவே. இதைச் செய்தால் உடனே கொழுந்து கூடாது, ஆகையால் செலவைக் குறைக்க எண்ணும்போதெல்லாம் முதலில் நிறுத்தப்படுவதும் இதுவே. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தம், 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றமை என்று கைகள் மாறும்போது, தூர்ந்த கான்கள் தூர்ந்தபடியே கிடந்த மலைகள் பல. தேயிலைக்கு வெளியிலும் நிலைமை திறமன்று. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின், நுவரெலியாப் பகுதிச் செங்குத்துச் சரிவுகளில் மரக்கறிச் செய்கை பெருகியது. கிளறிய மண்ணின்மேல் மழை விழுந்தால் நேர்வதை விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இத்தனை மண் இறங்கியும் கரை ஏன் வளரவில்லை?

முதலாவது, மலையிலிருந்து இறங்கும் மேல்மண்ணில் பெரும்பகுதி நுண்ணிய களியும் வண்டலும். அது ஆற்றைச் சிவப்பாக்கும், கடலைக் கலக்கும், கரையில் தங்காது. கரைக்கு வேண்டியது பருமணல். மகாவலி முகத்துவாரத்திலோ கொட்டியாரக்குடாவை ஒட்டிக் கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு இருப்பதால், ஆறு கொண்டுவருவதில் ஒரு பங்கு அதற்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, உருண்டு வரும் மணலை அணைகள் மறித்துக்கொள்கின்றன. இலங்கை நீர்மின்னின் தந்தை எனப்படும் பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவின்படி, காசல்ரீ 1965இலும் மவுசாகலை 1969இலும் எழுந்தன. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டும். மக்கள் நடந்து சென்று பார்த்து வருவார்கள். அந்தக் கோயிலைச் சுற்றிப் படிந்திருக்கும் மண், கடலுக்குப் போகாமல் நின்றுவிட்ட மண்தான். மகாவலியில் 1976இல் கட்டிய பொல்கொல்லை அணைக்கட்டின் தேக்கம், 12 ஆண்டுகளில் தன் கொள்ளளவில் 44 வீதத்தை வண்டலுக்குப் பறிகொடுத்தது. அணை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நமது லயங்களில் எரியும் விளக்கும் அந்த நீரால் எரிவதே. ஆனால் ஒவ்வொரு விளக்குக்கும் கரை கொடுத்த விலை ஒன்று உண்டு.

மூன்றாவது, மனிதக் கை. அணைகளுக்குக் கீழே ஆற்றில் சேரும் மணலைக் களனியிலும் மகா ஓயாவிலும் தெதுறு ஓயாவிலும் வீடு கட்டவும் வீதி போடவும் அள்ளினோம். ஆற்றுப் படுகை தாழ்ந்தது. உவர்நீர் உள்ளே ஏறியது. கரைக்குச் சேரவேண்டிய பங்கு இடைவழியிலேயே லொறியேறிப் போயிற்று. ஆக, மலை இழந்தது கரைக்குக் கிடைக்கவில்லை. இது ஒருவன் இழந்து மற்றவன் பெற்ற கதையன்று. இருவரும் இழந்த கதை.

கரையிலும் நமது கைவேலை குறைந்ததன்று. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை, அக்குறளைப் பகுதிகளில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எரித்தார்கள். அலையை மறித்து நின்ற இயற்கை அரண் அது. 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, பாறை வெட்டப்பட்ட பெரலியப் பகுதியில் நீர் வெகுதூரம் உட்புகுந்து, ஒரு ரயிலையே பிரட்டிப் போட்டது. 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 1986இல் டென்மார்க்கின் உதவியுடன் வரைந்த கடலரிப்பு முகாமைத் திட்டம், 1988இல் பவளம் வெட்டுவதற்கு எதிராகக் கொண்டுவந்த திருத்தம் என்று சட்டங்கள் வந்தன. ஆனால் அலைதாங்கிச் சுவர்களும் எழுந்துகொண்டே இருந்தன.

துறைமுகச் சுவர் மணலோட்டத்தை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1876 முதல் கட்டிய துறைமுகச் சுவரின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்று நாம் புகழும் மெரீனாக் கடற்கரை பரந்து விரிந்தது. அதே சுவரின் வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மீனவர் குப்பங்கள் கரையை இழந்தன. 1980களின் இறுதியில் புதுச்சேரியிலும் அதுவே நடந்தது. நமது நாட்டில் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. வடபால் ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. மீன்பிடித்தவர் தொழிலையும், தென்னந்தோப்பு வைத்திருந்தவர் காணியையும் இழந்தனர். கொழும்புத் துறைமுக நகருக்கென 269 ஹெக்டேயர் நிலத்தைக் கடலில் எழுப்ப, கடலடியிலிருந்து மணல் உறிஞ்சப்பட்டபோது நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கிறங்கியதும் இந்த அச்சத்தினால்தான்.

புத்தளம் மாவட்டத்து உடப்பைப் பலர் அறிவீர்கள். திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற தமிழ்க் கிராமம். கரைவலைக்குக் கரை வேண்டும். இருபக்கமும் ஆட்கள் நின்று கயிறு இழுக்க அகன்ற மணற்பரப்பு வேண்டும். பாடு என்று அழைக்கும் அந்த இடத்தில் முறைவைத்தே வலை வளைப்பார்கள். கடல் அந்த இடத்தைத் தின்றுவிட்டால் வலையிருந்தும் தொழிலில்லை. மலையில் மேல்மண் போன தேயிலை மாதிரி அது. செடி நிற்கும், கொழுந்திராது.

அத்தகைய கரையோர மக்கள் என்ன செய்தார்கள்? கடலோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடலுக்கு வழிவிடுவதே அவர்களது பழைய முறை. வாடியைக் கிடுகிலும் தடியிலும் கட்டினார்கள். கடல் கிட்ட வந்தால் பிரித்துப் பின்னே நகர்த்தினார்கள். கல்வீட்டை மணல்மேட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். மேட்டைக் காக்கத் தாழையையும் அடம்பன் கொடியையும் விட்டுவைத்தார்கள். சங்கப் புலவர்கள் அடும்பு என்றழைத்த கொடிதான் அது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது அதன் குணம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் ஒற்றுமைக்குச் சொல்லும் பழமொழி, கரையோரத்தில் வெறும் உவமையல்ல, கண்கூடான உண்மை. பின்னாளில் கரையருகே கல்வீடும் வீதியும் விடுதியும் நெருக்கமாக எழுந்த பிறகு, பின்னே நகர இடமில்லை. அப்போதுதான் கருங்கல் அணை வந்தது. உள்நாட்டுப் பாறைகளை உடைத்து லொறியில் ஏற்றிக் கடலில் கொட்டினோம். அணை தன் முன்னால் உள்ள வீட்டைக் காக்கும். அணை முடியுமிடத்தில் அரிப்பு தொடங்கும். ஒரு கிராமத்துக் கண்ணீர் அடுத்த கிராமத்துக்கு நகர்ந்தது.

நேயர்களே, மலையிலும் இதே நிலைதான் வந்திருக்கிறது. மேல்மண் கரைவது ஒருபுறமிருக்க, மலையே சரியும் காலத்தில் நாம் வாழ்கிறோம். 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்த சரிவுகளின் பின்னரே, கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தான சரிவுகளை வரைபடமாக்கத் தொடங்கியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்தில் மகா ஓயாவின் தலைப்பக்கமான அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் "டித்வா" புயல் கொட்டிய மழை, நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்டபாட்டை நாம் கண்ணால் கண்டோம்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அவதானம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். லயத்துப் பெரியவர்களுக்கும் தமக்கென்று அளவுகள் உண்டு. புதிதாக ஊற்று எடுத்தல், தெளிந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குதல், நின்றுபோதல், சவுக்கு மரம் ஒருபக்கமாகச் சாய்தல், சுவரிலும் முற்றத்திலும் வெடிப்புக் கிளம்புதல் என்பன அவை. ஆனால் அறிகுறி தெரிந்து என்ன செய்வது? "வெளியேறுங்கள்" என்றால் எங்கே போவது? நீர்கொழும்பு மீனவனைப் போலவே லயத்துக் குடும்பத்துக்கும் பின்னே நகர இடமில்லை. லயம் நிற்கும் நிலம் தோட்டத்துக்குரியது, தோட்டம் அரசுக்குரியது, குத்தகை கம்பனிக்குரியது. ஏழு பேர்ச் காணி, பத்துப் பேர்ச் காணி என்ற பேச்சுகளும் திட்டங்களும் வந்தன. சில வீடுகள் எழுந்தன. பெரும்பாலானோர் இன்னமும் பழைய கூரையின் கீழேதான், மழைச் சத்தத்தைக் கேட்டபடி படுக்கிறார்கள்.

தனக்கென்று ஒரு துண்டு நிலமுள்ளவன் அதன் கானைத் தானே வெட்டுவான், மேட்டுக்குப் புல் நடுவான், கல் அடுக்குவான். கண்டிக் கிராமத்து வயல்வரம்புகள் அப்படித்தான் நூற்றாண்டுகள் நின்றன. நமது மக்களோ இருநூறு ஆண்டுகளாகப் பிறர் மண்ணுக்குக் கான் வெட்டியவர்கள். தாம் படுத்திருக்கும் மேட்டுக்குக் கான் வெட்டவும் அவர்கள் அனுமதி கேட்க வேண்டும். மண் பாதுகாப்பு என்பது விஞ்ஞானப் பாடம் மட்டுமன்று. காணியுரிமைப் பாடமுமாகும் என்று நான் கருதுவது இதனால்தான். கரையோரத்திலும் அவ்வாறே. பாடு யாருடையது, மணல்மேடு யாருடையது என்பதைத் தீர்க்காமல் கல் கொட்டுவதால் மட்டும் கடலை நிறுத்த முடியாது.

கோகிலம் சுப்பையாவின் மலையக நாவலுக்குப் பெயர் "தூரத்துப் பச்சை". மலையைத் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குப் பச்சை தெரியும். பச்சைக்குக் கீழே மண் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது தெரியாது. கடலையும் நாம் அவ்வாறே பார்க்கிறோம். நீலம் தெரிகிறது, கரை எங்கே இருந்தது என்பது தெரிவதில்லை.

சென்ற தவணையில் அந்த மாணவியை அழைத்து இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சேர், எங்க அப்பா கான் வெட்டுறது கடற்கரைக்கும் சேர்த்துத்தானா?" என்றாள். முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது என்று முதலில் நினைத்தேன். கான் தடுப்பது கரைக்கு வேண்டிய மணலையன்று, மேல்மண்ணைத்தானே. ஆனால் அந்த மேல்மண் அணைகளை நிரப்பாமலும், ஆற்றின் வாயையும் கடலடியையும் சேறாக்காமலும் இருப்பது அந்தக் கானினால். ஆகவே, "ஆம்" என்றுதான் சொன்னேன்.

அவளது தந்தைக்கு அதற்கான கூலியும் கிடைக்கவில்லை. அதற்கான நிலமும் கிடைக்கவில்லை. அந்தப் பாக்கி இன்னமும் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் தீர்க்க வேண்டிய பாக்கி அது.